காவல் வண்டியில் ஒரு கதாசிரியர்

நமது சங்கத்து நூல் நிலையத்தில் மிகவும் நைந்து போன புத்தகங்கள் எவை என்று பார்த்தால், அவை பக்தி நூல்களும் அல்ல, சரித்திர நாவல்களும் அல்ல, துப்பறியும் கதைகளே. அட்டை கிழிந்து, ஓரம் மடங்கி, கடைசிப் பக்கம் காணாமற்போன புத்தகம் ஒன்று கையில் அகப்பட்டால் அது அநேகமாகக் கொலைக் கதையாகத்தான் இருக்கும். அந்தக் கடைசிப் பக்கத்தைக் கிழித்தவர் யார் என்பதைக் கண்டுபிடிக்க இன்னும் எந்தத் துப்பறிவாளரும் வந்தபாடில்லை.

சென்ற மாதம் புத்தகம் மாற்ற வந்த ஒரு பெரியவர், தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஏன் தம்பி, இவர்கள் எல்லோரும் வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதுகிறவர்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குள் நடப்பது இவர்களுக்கு எப்படித் தெரியும்? போலீஸ்காரரே வந்து சொல்லுவாரா?" என்றார்.

எனக்கு அன்று இரவு ஷிப்டு. நின்று பேச நேரமில்லை. ஆகவே அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலையே இக் கட்டுரையாக எழுதுகிறேன். நான் ரயில்வேயில் ஒரு குமாஸ்தா. மெட்ரிகுலேஷனுக்கு மேல் படித்தவன் அல்லன். நடைபாதைக் கடைகளில் பழைய ஆங்கில நாவல்களை வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கும் பழக்கம் மட்டும் உண்டு. பிழை இருப்பின் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்விக்கு விடை தேடுவோமானால் அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும். அந் நாட்டின் பல நகரங்களில் போலீஸ் இலாகாவினரிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. குடிமகன் ஒருவர் விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, தமக்கு ஏதேனும் நேர்ந்தால் இலாகா பொறுப்பல்ல என்ற பத்திரத்தில் கையொப்பமிட்டு, ரோந்து வண்டியில் போலீஸ்காரரின் பக்கத்தில் அமர்ந்து ஒரு ஷிப்டு முழுவதும் ஊரைச் சுற்றி வரலாம். இதற்கு 'ரைட்-அலாங்' என்று பெயர். மாணவர்கள் போகிறார்கள், பத்திரிகை நிருபர்கள் போகிறார்கள், துப்பறியும் நாவல் எழுதுகிறவர்களும் போகிறார்கள். போனவர்கள் கண்டது என்ன, காணாதது என்ன என்பதே நாம் பார்க்க வேண்டிய விஷயம்.

மூன்று பிரதிகள்

1956இல் 'காப் ஹேட்டர்' என்ற நாவல் வெளிவந்தது. ஆசிரியர் பெயர் எட் மக்பெயின் என்று அட்டையில் இருந்தது. அது புனைபெயர். 1926இல் நியூயார்க்கில் பிறந்த இவான் ஹன்டர் என்பவரே அவர். ஹிட்ச்காக்கின் புகழ் பெற்ற 'தி பேர்ட்ஸ்' (1963) படத்துக்குத் திரைக்கதை எழுதியவரும் இவரே.

அதுவரை பெரும்பாலான துப்பறியும் நாவல்களில் ஒரு மேதை இருப்பார். அவர் புகை பிடிப்பார் அல்லது பிடில் வாசிப்பார். சாம்பலைப் பார்த்தே கொலைகாரனைச் சொல்லிவிடுவார். போலீஸ்காரர் அவருக்குப் பின்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார். மக்பெயின் இதை மாற்ற நினைத்தார். ஒரு போலீஸ் நிலையம் முழுவதையுமே கதாநாயகனாக ஆக்கினால் என்ன என்று எண்ணினார். நியூயார்க் போலீஸ் நிலையங்களுக்குப் போய் வந்தார், போலீஸாரோடு பழகினார், சந்தேகம் வந்தபோதெல்லாம் டெலிபோனில் கேட்டார். ஓயாமல் கேட்டதில் அவர்களுக்கே சலித்துவிட்டதாம். அதனால் நியூயார்க்கைப் போன்ற ஒரு கற்பனை நகரத்தை அமைத்துக்கொண்டார். அதன் நடுப்பகுதிக்கு ஐஸோலா என்று பெயர். ஐஸோலா என்றால் இத்தாலிய மொழியில் தீவு. நகரம் கற்பனை, போலீஸ் நடைமுறை மட்டும் உண்மை என்று வைத்துக்கொண்டு, 1956 முதல் தாம் காலமான 2005 வரை இந்த 87ஆவது நிலையத்தைப் பற்றி ஐம்பதுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். ஜப்பானிய டைரக்டர் அகிரா குரோஸாவா 1963இல் எடுத்த 'ஹை அண்ட் லோ' என்ற படத்துக்கு மூலம் இவருடைய 'கிங்ஸ் ரான்ஸம்' (1959) என்ற நாவலே.

இந் நாவல்களில் என்னை மயக்கியது கொலை அன்று, காகிதம். கதையின் நடுவே போலீஸ் அறிக்கையின் படிவம் அப்படியே அச்சாகியிருக்கும். பெயர், விலாசம், உயரம், எடை, அடையாளக் குறி என்று கட்டம் கட்டமாக இருக்கும். துப்பறிவாளர் இரவெல்லாம் அலைந்துவிட்டு வந்து, வியர்வையோடு உட்கார்ந்து, அறிக்கையை மூன்று பிரதிகளில் டைப் அடிப்பார். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. காணாமற்போன ஒரு பார்ஸலுக்காக எத்தனை பிரதிகள் எழுதியிருக்கிறேன்! வேலை என்பது எங்கும் வேலைதான்; பாதி அலைச்சல், பாதி எழுத்து. வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்கிறவருக்குத் துப்பாக்கி தோன்றும்; மூன்றாவது பிரதி தோன்றாது. போய்ப் பார்த்தவருக்கே அது தெரியும். பெரியவரின் கேள்விக்கு இது முதல் பதில்.

வானொலியில் ஒரு வண்டி

மக்பெயினுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே இன்னொருவர் போலீஸ் வண்டியில் ஏறியிருந்தார். அவர் நாவலாசிரியர் அல்லர். ஜாக் வெப் என்ற வானொலி நடிகர். 1948இல் 'ஹீ வாக்ட் பை நைட்' என்ற படத்தில் அவருக்கு ஒரு சிறு வேடம். அந்தப் படத்துக்கு ஆலோசகராக வந்திருந்தவர் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸைச் சேர்ந்த மார்ட்டி வின் என்னும் ஸார்ஜண்ட். வானொலியிலும் சினிமாவிலும் போலீஸ்காரரைக் காட்டுகிற விதம் உண்மைக்குப் பொருந்தவில்லை என்று அவர் வெப்பிடம் சொன்னார். வெப் அவரோடு இரவு ரோந்து போகலானார். அவர்கள் பேசும் சுருக்கமான பேச்சு, வயர்லெஸ்ஸில் வரும் எண்கள், கதவைத் தட்டும் முறை எல்லாவற்றையும் கவனித்தார். 1949 ஜூன் மாதத்தில் 'டிராக்நெட்' என்ற அவருடைய வானொலித் தொடர் ஆரம்பமாயிற்று. பிறகு அது டெலிவிஷனுக்கும் போயிற்று. அமெரிக்கா முழுவதும் அதைக் கேட்டது, பார்த்தது. வெப் 1982இல் காலமானபோது, கதையில் அவர் அணிந்த 714 என்னும் வில்லை எண்ணை லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸார் இனி எவருக்கும் கொடுப்பதில்லை என்று மரியாதை செய்தார்கள்.

ஆனால் இந்த மரியாதைக்கு ஒரு விலையும் இருந்தது. கதைக்கு வேண்டிய வழக்குகளையும் வசதிகளையும் போலீஸ் இலாகா கொடுத்தது. அதற்கு ஈடாக, எழுதிய கதையை இலாகா பார்த்துச் சம்மதம் தர வேண்டும் என்று ஏற்பாடு. வெப் காட்டிய போலீஸ்காரர் நேர்மையானவர், மரியாதையாகப் பேசுகிறவர், வீணாகக் கை ஓங்காதவர். அப்படிப்பட்டவர்கள் அங்கே இருந்திருக்க மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. வெப் கண்டது பொய்யும் அன்று. ஆயினும் அதே நகரத்தில் கறுப்பு இன மக்கள் வாழ்ந்த பகுதிகளில், போலீஸார் தங்களை அடிக்கிறார்கள், அவமதிக்கிறார்கள் என்ற முறையீடு ஆண்டுக் கணக்காக இருந்து வந்தது. 1965 ஆகஸ்டில், நெடுஞ்சாலைப் போலீஸார் ஒரு மோட்டாரை நிறுத்தியதில் தொடங்கிய தகராறு, வாட்ஸ் என்ற அந்தப் பகுதியில் ஆறு நாள் கலகமாக மூண்டது. 34 பேர் மாண்டார்கள். வானொலித் தொடரை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு இது திடீரென்று வானத்திலிருந்து விழுந்த இடிபோலத் தோன்றியிருக்கும். வாட்ஸில் குடியிருந்தவருக்குத் தோன்றியிராது.

வண்டியில் விருந்தாளி அமர்ந்திருக்கும்போது நடப்பது ஒன்று. அவர் இறங்கிப் போன பிறகு நடப்பது வேறொன்றாக இருக்கலாம். இதை நான் புத்தகத்தில் படித்து அறிந்துகொள்ளவில்லை.

ஓர் இரவு

2018ஆம் ஆண்டு மழைக்காலம். மத்திய இந்தியாவில் ஒரு பெரிய ஜங்ஷன், பெயர் வேண்டாம். பார்ஸல் ஆபீஸில் எனக்கு இரவு வேலை. பதினொரு மணிக்கு மேல் போர்ட்டர் ஒருவர் வந்து, "பாபுஜி, உங்கள் ஊர்ப் பையன் ஒருவனைச் சாவடியில் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவன் பேசுவது ஒருவருக்கும் புரியவில்லை" என்றார்.

போய்ப் பார்த்தேன். பத்தொன்பது வயது என்றான். வட நாடெங்கும் சுற்றும் நமது ஆழ்குழாய்க் கிணறு லாரிகளில் ஒன்றில் கூலி வேலை பார்த்தவன். தகப்பனாருக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்து தனியே ஊர் திரும்பிக்கொண்டிருந்தான். ஒரு பிரயாணியின் பெட்டி காணாமற்போயிருந்தது. பெட்டி இருந்த இடத்துக்குப் பக்கத்தில் இவன் நின்றானாம். ஹிந்தி தெரியாமல் விழித்ததே குற்றமாயிற்று.

அங்கிருந்த ஹவல்தார் என்னை மரியாதையாக வரவேற்றார். ரயில்வே ஆள் என்பதால் நாற்காலி கொடுத்தார். பையனைப் பெஞ்சியில் உட்கார வைத்து நிதானமாகக் கேள்வி கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். இரண்டு நாட்களாகத் தாம் வீட்டுக்குப் போகவில்லை என்றும், மூன்று பேர் வேலையை ஒருவராகப் பார்ப்பதாகவும் இடையில் சொன்னார். எனக்கு அவர்மேல் அனுதாபம் உண்டாயிற்று. போலீஸ்காரரைப் பற்றி ஊரார் சொல்வதெல்லாம் மிகை என்றுகூட எண்ணினேன். இரண்டு மணி நேரம் இப்படிப் போயிற்று.

ஒன்றரை மணிக்குப் பார்ஸல் ஏற்றிய வண்டி வந்தது. கையெழுத்துப் போட வேண்டும், எழுந்து போனேன். வேலை இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. திரும்பும் வழியில் தேநீர்க் கடையில் நின்றேன். மழை பெய்துகொண்டிருந்தது. ஒரு கோப்பை குடித்தேன், இன்னொன்றும் குடித்தேன்.

திரும்பி வந்தபோது பையன் தரையில் உட்கார்ந்திருந்தான். இடது கன்னம் வீங்கியிருந்தது. "தூக்கக் கலக்கத்தில் பெஞ்சியிலிருந்து விழுந்துவிட்டான்" என்றார் ஹவல்தார். குரலில் அதே மரியாதை. நான் பையனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். என்ன நடந்தது என்று நான் அவனைக் கேட்கவில்லை. அவன் தமிழில் சொன்னால் எனக்குத்தானே புரியும். புரிந்தால் நான் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும்.

விடியற்காலை ஐந்து மணிக்குச் செய்தி வந்தது. முந்தைய ஸ்டேஷனில் இறங்கிய ஒரு குடும்பத்தார் தங்கள் சாமான்களோடு அந்தப் பெட்டியையும் தவறுதலாக எடுத்துப் போய், பிறகு ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒப்படைத்திருந்தார்கள். பையனைப் போகச் சொன்னார்கள். அவனுக்கு அவல் உப்புமாவும் தேநீரும் வாங்கிக் கொடுத்துத் தெற்கே போகும் வண்டியில் ஏற்றிவிட்டேன். வண்டி புறப்படும்போது அவன் ஜன்னல் வழியாக, "நீங்க எழுந்து போகாம இருந்திருக்கலாம், அண்ணே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

இரு பக்கமும் சென்றவர்

இது நடந்து ஓர் ஆண்டுக்குப் பின் நடைபாதைக் கடையில் 'கிளாக்கர்ஸ்' என்ற தடித்த நாவல் ஒன்று கிடைத்தது. அகராதியோடு படித்து முடிக்க நான்கு மாதங்கள் ஆயின. 1992இல் வெளிவந்தது. எழுதியவர் ரிச்சர்ட் பிரைஸ், 1949இல் பிறந்தவர், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஏழைத் தொழிலாளர்களுக்காக அரசாங்கம் கட்டிய அடுக்கு வீடுகளில் வளர்ந்தவர். இளம் வயதிலேயே நாவல் எழுதிப் பெயர் பெற்று, பின் சினிமாவுக்குப் போனார். 'ஸீ ஆஃப் லவ்' (1989) என்ற படத்துக்காகக் கொலை வழக்குப் போலீஸாரோடு சுற்றினார். அப்படிச் சுற்றியதில்தான் தாம் வளர்ந்தது போன்ற அடுக்கு வீடுகளுக்குள் மீண்டும் நுழைந்தார். அவருடைய சிறு வயதில் இருந்த இடம் அன்று அது. மூலைக்கு மூலை கொக்கேய்ன் விற்கும் பிள்ளைகள். இரவு பகல் எந்நேரமும் அங்கே நிற்பதால் அவர்களுக்குக் 'கிளாக்கர்' என்று பெயர்.

பிரைஸ் அங்கே செய்த காரியமே என் கட்டுரையின் முக்கிய விஷயம். நியூ ஜெர்ஸி மாநிலத்து ஜெர்ஸி ஸிட்டியில் அவர் போலீஸாரோடு நீண்ட காலம் சுற்றினார். அதோடு நிற்கவில்லை. வண்டியிலிருந்து இறங்கி, போலீஸார் துரத்தும் பிள்ளைகளோடும், அவர்களைப் பெற்றவர்களோடும் போய் உட்கார்ந்தார். அவர்கள் பேச்சையும் கேட்டார். அதனால் நாவலுக்கு இரண்டு நாயகர்கள் அமைந்தார்கள். ஒருவர் ரோக்கோ க்ளைன் என்ற கொலை வழக்குத் துப்பறிவாளர். மற்றவன் ஸ்ட்ரைக் என்ற பத்தொன்பது வயதுப் பையன். பேச்சில் திக்கல், வயிற்றில் புண். அவன் அண்ணன் விக்டர் இரண்டு வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவன். ஒரு கொலையைத் தான் செய்ததாக இந்த விக்டரே வந்து ஒப்புக்கொள்ளுகிறான். நல்லவனாயிற்றே, இவன் செய்திருக்க மாட்டான், தம்பிதான் செய்திருக்க வேண்டும் என்று ரோக்கோ பிடிவாதமாக நம்புகிறார். மீதியை நான் சொல்லப் போவதில்லை. கடைசிப் பக்கத்தைக் கிழித்தவன் என்ற பழி எனக்கு வேண்டாம்.

ஆனால் கதையில் வரும் ஒரு சிறு பாத்திரத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. பிரபல சினிமா நடிகர் ஒருவர், போலீஸ் வேடத்தில் நடிப்பதற்காக ரோக்கோவின் பின்னாலேயே சுற்றுகிறார். தம்மை ஒருவர் கவனிக்கிறார் என்று அறிந்ததும் ரோக்கோ மாறிப் போகிறார். தம்மையே சினிமாவில் காட்டப் போகிறார்கள் என்ற ஆசை அவருக்குள் புகுந்துவிடுகிறது. நடிகர் பார்க்கும்படி நடக்கத் தொடங்குகிறார். போலீஸ் வண்டியில் விருந்தாளியாகப் போன ஆசிரியர், அந்த விருந்தாளியையே கதைக்குள் வைத்துவிட்டார். 'நான் கண்டது முழு உண்மை அல்ல. நான் இருந்ததால் நடந்ததும் அதில் கலந்திருக்கிறது' என்று அவர் ஒப்புக்கொள்வதாகவே எனக்குப் பட்டது.

அந்தப் பக்கங்களைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, ஹவல்தாரின் நிதானத்தை மெச்சிக்கொண்டிருந்த என் முகம் எனக்குத் தெரிந்தது. அவர் கெட்டவர் என்று எழுத இன்றும் எனக்கு மனம் வரவில்லை. தூக்கமில்லாத மனிதர், வேலை முடிந்தால் போதும் என்றிருந்தவர். ஆனால் அந்த இரவைப் பற்றி நான் கதை எழுதியிருந்தால், தேநீர் குடிக்கப் போகும் வரை கண்டதை வைத்தே எழுதியிருப்பேன். அதில் ஒரு வரிகூடப் பொய் இருந்திராது. கதை மட்டும் பொய்யாக இருந்திருக்கும். உண்மையை அறிய அந்தப் பையனைக் கேட்டிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை. பிரைஸ் கேட்டார்.

இப்போது நம் நாட்டில் இதற்கு ஒரு வழி சொல்லப்பட்டிருக்கிறது. ஒருவரைக் கைது செய்தால் உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அவர் கேட்டால் உடற்காயங்களைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பன போன்ற கட்டளைகளைச் சுப்ரீம் கோர்ட்டு 1996இல் டி. கே. பாஸு வழக்கில் விதித்தது. போலீஸ் நிலையங்கள் எல்லாவற்றிலும் கண்காணிப்புக் காமிராக்கள் வைக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. தேநீர் குடிக்க எழுந்து போகாத கண் ஒன்று அங்கே இருக்க வேண்டும் என்பதுதான் இதன் கருத்து என்று நான் எடுத்துக்கொள்ளுகிறேன்.

பிழைப்பைத் தேடி ஊர் விட்டு வந்திருக்கும் நமக்கு இதில் ஒரு கடமையும் இருக்கிறது. பாஷை தெரியாத நம் பிள்ளை ஒருவன் எங்கேனும் ஒரு சாவடியில் உட்கார வைக்கப்பட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டால், போனவர் ஒருவராகப் போகாமல் இருவராகப் போங்கள். ஒருவர் எழுந்தால் மற்றவர் இருக்கலாம். ஹவல்தாருக்கும் அந்தப் பையனுக்கும் அதுவே நன்மை.

பெரியவருக்கு என் பதில் இதுதான்: ஆம் ஐயா, போலீஸ்காரரே வந்து சொல்லுவார், வண்டியில் ஏற்றிக்கொண்டு போயும் காட்டுவார். நல்ல கதாசிரியர் அதைக் கவனமாகக் குறித்துக்கொள்வார். பிறகு வண்டியிலிருந்து இறங்கி, எதிர்ப்புறத்து வீட்டுக் கதவையும் தட்டுவார். 'கிளாக்கர்ஸ்' பிரதியை நமது நூல் நிலையத்துக்கே கொடுத்திருக்கிறேன். கடைசிப் பக்கம் இருக்கிறது. படிப்பவர்கள் அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டுகிறேன்.